கிறுகு மளே

"பாதை வருகுது, கொஞ்சம் அங்கால நில்லுங்க" என்றார் குருமண்வெளித் துறையில் நின்ற பெரியவர். எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் திரும்பித் தார்ச்சாலையைப் பார்த்தார்கள். அவர் கைகாட்டியதோ தண்ணீரை. எதிர்க்கரை மண்டூரிலிருந்து தட்டையான மிதவை ஒன்று மோட்டார் சைக்கிள்களையும், குடை பிடித்த ஒரு தாயையும், பள்ளிச் சீருடையில் இரண்டு சிறுவர்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பில் அதற்குப் பெயர் பாதை. நிலத்தில் அசையாமல் கிடப்பதுதான் பாதை என்று அதுவரை நினைத்திருந்தவர்கள், நகர்ந்து வந்து கரையில் முட்டிய பாதைமேல் ஏறி நின்றார்கள்.

நாங்கள் திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கம். தெருக்கூத்து ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் வட்டாரம். புரிசை எங்களுக்கு எட்டும் தூரம். பங்குனி, சித்திரையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பிள்ளைகள் விடியவிடியக் கூத்துப் பார்த்துவிட்டு வகுப்பில் தூங்கி விழுவார்கள். தூங்கியவர்களிலிருந்தே சிலரைப் பொறுக்கியெடுத்து, மாலைகளில் அடவு சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரைப் பிடித்தோம். நான் தமிழாசிரியை, கூத்துக் கற்றவள் இல்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவள். இலங்கையில், மட்டக்களப்பின் படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையின் அழைப்பு வந்தபோது எங்கள் வாத்தியாருக்குக் கடவுச்சீட்டு இல்லை, எடுக்கவும் நாளில்லை. பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பேருந்து நிலையத்தோடு நின்றுகொண்டார்.

சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம். அதற்குமேல் கிழக்கே போகத்தான் ஒரு முழுப் பகல். விடிகாலை கொழும்புக் கோட்டையில் உதயதேவி ரயிலில் ஏறி, மாகோ, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை என்று போய், வெலிக்கந்தை தாண்டியதும் பெட்டிக்குள் ஏறுகிறவர்களின் பேச்சு தமிழாக மாறுவதைப் பிள்ளைகள் காதால்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். வாழைச்சேனை, ஏறாவூர், பிறகு கடைசி நிலையமாக மட்டக்களப்பு. அங்கே இறங்கி சாமான்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது: ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி ஓரத்தோடு கிழிந்து, இரண்டு கட்டைகள் உள்ளே விழுந்துகிடந்தன. வழியில் எங்கே அடிபட்டதோ. பாடும் பையன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். முகவீணை வாசிக்கும் பெரியவரும் வரவில்லை. இனிச் சுருதிக்கு எங்கே போவது?

மறுநாள் பாதையேறிப் போனது அந்தக் கவலையோடுதான். மட்டக்களப்பு வாவியின் நீளம் ஐம்பத்தாறு கிலோமீட்டர். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை கடலுக்கு இணையாகக் கிடக்கிறது. ஞாயிறு எழுகிற கடல்பக்கம் எழுவான்கரை; படுகிற பக்கம் படுவான்கரை. இந்தப் பெயர்களைச் சொன்னதும், "படுகளம் மாதிரியா டீச்சர்?" என்று கேட்டான் துரியோதனன் வேடம் கட்டுகிற பையன். ஆமாம், அதே 'படு' தான். பதினெட்டாம் போரில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்துகிடக்கும் இடம் எங்களூர்ப் படுகளம். இங்கே தினமும் சூரியன் விழுகிற கரை படுவான்கரை. பாடப்புத்தகத்தில் நான் பத்து முறை நடத்தியும் புரியவைத்திருக்க முடியாத வேர்ச்சொல்லை அவன் பாதிவழித் தண்ணீரில் பிடித்துக்கொண்டான்.

சாலை, ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிகள், கடைத்தெரு எல்லாம் எழுவான்கரையில். படுவான்கரையில் வயல், மாடு, குளம், கூத்து. மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். 2007 வரை இந்தத் தண்ணீரின் இரு கரையும் போரின் இரு பக்கங்களாக இருந்தன. துறைக்கு வந்து, சோதனைக்கு நின்று, பாதையில் கடந்துதான் பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் போனோம் என்று எங்களைத் தங்கவைத்த வீட்டம்மா சொன்னார். இழப்புகளைப் பற்றி யாரிடமும் துருவிக் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் ரயிலிலேயே சொல்லியிருந்தேன். அவரே சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டோம். சுவரில் மாலையிட்ட இரண்டு படங்கள் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் சொல்லவில்லை.

பாடசாலையில் எங்களுக்கான நிகழ்ச்சி நிரல் அச்சடித்துத் தயாராக இருந்தது. 'அதிபர் வரவேற்புரை' என்று பார்த்ததும் எங்கள் பிள்ளைகள் நாட்டின் அதிபரே வருகிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். தலைமை ஆசிரியரைத்தான் இங்கே அதிபர் என்கிறார்கள். கடைசி நாள் மேடையில் எங்களுக்கு இருபது நிமிடம், அவர்களுக்கு இருபது நிமிடம். நல்ல மனத்தோடு செய்த ஏற்பாடு. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கலைப் பரிமாற்றம் என்ற பெயரில் எத்தனையோ பார்த்தாயிற்று: அவரவர் கொண்டுவந்ததை ஆடிக் காட்டி, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு, கொண்டுவந்ததை அப்படியே திரும்பக் கட்டி எடுத்துப்போவது. அதில் யார் கையிலிருந்து யார் கைக்கு என்ன மாறியது? மேடைக்கு முன் இருக்கும் மூன்று காலைகளையும் அண்ணாவியாரின் முற்றத்தில் கழிக்க விடுங்கள் என்று அதிபரிடம் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார். அவரும் சிறுவயதில் கூத்தாடியவராம்.

அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்குகிறவர். எங்கள் வாத்தியாருக்குச் சமம். வீட்டின் முன்னே மா நிழலில் வட்டமாக மணல் பரப்பியிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மத்தளத்தை இடுப்பில் ஏற்றியபோது முதுகு நிமிர்ந்துவிட்டது. பெட்டி உடைந்த கதையைப் பாடும் பையன் சொன்னான். "மறுகா என்ன மனே, பெட்டி இல்லாட்டி வாய் தொறக்க ஒண்ணாதா?" என்று கேட்டார். மனே என்றால் மகனே. மறுகா என்றால் பிறகு. ஒண்ணாது என்றால் முடியாது. ஒன்றுமில்லாமல் பாடு, நான் பின்னால் வாறன் என்றார்.

இங்கே கூத்துக்கு மத்தளமும் சல்லரியும்தான். சல்லரி என்பது சிறு தாளம். ஆர்மோனியம் இல்லை, முகவீணை இல்லை. ஆடுகிறவர் ஒரு வரி பாட, பின்னால் நிற்கும் பிற்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். சுருதி அந்தக் குரல்களிலேயே தங்கிநிற்கிறது. எங்கள் பையன் முதல் வரியை எடுத்தான். தூக்கியெடுத்த குரல் இரண்டாம் வரியில் நழுவியது. நழுவிய இடத்திலேயே அண்ணாவியாரின் பேரனும் இன்னும் இரண்டு பெரியவர்களும் அதை வாங்கினார்கள். உயர்த்தவும் இல்லை, திருத்தவும் இல்லை. அவன் விட்ட இடத்தில் குரலை வைத்தார்கள். பையன் திரும்பிப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினான். பெட்டிமேல் சாய்ந்தே பாடிப் பழகிய பிள்ளைக்கு மனிதக் குரல்மேல் சாயலாம் என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்து ஆட்டம். எங்கள் குழுவில் அர்ச்சுனன் ஒன்பதாம் வகுப்புப் பெண். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கியபின், பெண்பிள்ளைகளும் இரவு முழுக்க வேடம் கட்டி ஆட முடியும் என்பது எங்கள் வட்டாரத்துக்குக் கண்கூடானது. இவள் அந்த வழியில் துணிந்தவள். அண்ணாவியார் அவளுக்கு வடமோடி என்ற கூத்துவகையில் ராசா வரவின் ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நாலடி வைத்து முன்னே வர வேண்டும், நிற்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும். மூன்றாம் முறை அவர் மத்தளத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கிறுகு மளே!"

அந்தச் சொல்லை அவள் இதற்குமுன் கேட்டதில்லை. ஆனால் அவள் கால்கள் கேட்டிருந்தன. தெருக்கூத்தில் பம்பரம்போல் சுற்றிக்கொண்டே களத்தை வலம் வருவதற்குக் கிறிக்கி என்று பெயர். கிறுகு என்றதும் யோசிக்காமல் கிறிக்கி அடித்தாள். மாவடி மணலை வாரியிறைத்துக்கொண்டு ஏழெட்டுச் சுற்று. அண்ணாவியாரின் கை நின்றுவிட்டது.

"அது என்ன மளே?"

"கிறிக்கி, ஐயா. நீங்கதானே சொன்னீங்க?"

"நான் திரும்பச் சொன்ன." சற்று நின்றார். "நாங்க திரும்பிறதக் கிறுகிறதெண்டுதான் சொல்லுற. பஸ்ஸும் சந்தியில கிறுகும். உங்களுக்கு அது ஆட்டமா?" மத்தளத்தைத் திரும்ப எடுத்தார். "இன்னொருக்கா ஆடு, நான் அடிக்கன்."

அவர் அவள் சுற்றுக்கு அடித்தார். தெரியாத ஆட்டத்துக்கு, கால் விழும் இடத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, நாலாவது முறையில் சரியாக வந்து சேர்ந்தார். பிறகு தன்னுடைய கிறுகலைக் காட்டினார். ஒரே திருப்பம். பாதங்கள் ஒன்றையொன்று விடாமல், குறுகிய அடிகளால், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் முடிந்துவிட்டது. மணலில் பார்த்தால் தடம் அவ்வளவுதான். அவளுக்கு அது வரவில்லை. வேகத்தைக் கூட்டச் சொன்னால் கூட்டிவிடுவாள். குறைக்கச் சொன்னால் முழங்கால் தடுமாறியது. மூன்று காலையும் அந்த ஒரு திருப்பத்துக்கே போனது. மற்றவர்கள் களைத்து இளநீர் குடிக்கப் போன பிறகும் அவள் மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, மறுபடி நின்று, மறுபடி திரும்பிக்கொண்டிருந்தாள்.

இடையில் அண்ணாவியார் சொன்னவை எல்லாம் எனக்குப் பாடம். ஊரில் கூத்துப் போடுவதென்றால் முதலில் யார் யாருக்கு எந்த வேடம் என்று தீர்த்துச் சட்டங்கொடுப்பார்கள். மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம். கால் பழகியதும் ஒரு நாள் சதங்கை அணிவிப்பு. அடுக்குப் பார்த்தல் என்று முழு ஒத்திகை. பிறகுதான் வட்டக்களரி கட்டி அரங்கேற்றம். அதோடும் முடியாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வடமோடி பெரும்பாலும் போர்க் கதை, பாரதமும் இராமாயணமும். தென்மோடியில் காதல் கதைகள் மிகுதி, கல்யாணத்தில் முடியும். வடமோடி ராசாவுக்குக் கரப்புடுப்பு. மூங்கிலும் பிரம்பும் வைத்து இடுப்பைச் சுற்றி விரியும். எங்கள் பிள்ளைகள் மரத்தால் செய்த புஜக்கட்டையைக் காட்ட, இவர்கள் அதைத் தோளில் கட்டிப் பாரம் பார்த்தார்கள். களரி என்ற சொல்லை எங்கள் கூத்திலும் சொல்வார்கள். கட்டியங்காரனும் இரண்டு பக்கமும் உண்டு. கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பில் திரௌபதியம்மன் கோயிலும் தீமிதியும் இருக்கிறதென்று கேட்டதும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்ச் சேதி கேட்டதுபோல் ஆகிவிட்டது.

ராவெல்லாம் ஆடிய கூத்து மேடைக்கு ஏறியதற்கு ஒரு வரலாறு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' என்ற சிங்கள நாடகத்தைப் போட்டார். அவர் கையாண்ட சிங்கள நாடகம என்ற வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து வளர்ந்தது. அதே பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவியார்களின் கூத்தை மாணவர்களைக்கொண்டு அறுபதுகளில் மேடையேற்றினார்: கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றி விரிவாக எழுதினார். விடியவிடிய ஆடுவதை ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கியதால்தான் நகரத்தார் பார்த்தார்கள். சுருக்கியதால் ஊர் கையிலிருந்து நழுவியது என்ற குறையும் எழுந்தது. கூத்து ஊரோடு இருக்க வேண்டும், கதையில் பெண்ணையும் சாதியையும் பேசும் இடங்களை ஊராரே உட்கார்ந்து திருத்தியெழுத வேண்டும் என்று சி. ஜெயசங்கர் சீலாமுனை மக்களோடு சேர்ந்து செய்த மீளுருவாக்கம் அந்தப் பேச்சின் அடுத்த கட்டம். எங்கள் இருபது நிமிடம் இந்த வழக்கில் எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முற்றத்தைக் கேட்டு வாங்கினேன்.

மாலைகளில் ஊர் பார்த்தோம். வைகாசி மாதம், கண்ணகியம்மன் கோயில்கள் கதவு திறக்கும் காலம். ஆண்டுக்கொருமுறை சில நாள் திறந்து, கல்யாணக்கால் நட்டு, வழக்குரை காதையைப் படித்து, அம்மனின் கோபம் தணியத் திருக்குளிர்த்தி பாடி மூடிவிடுவார்கள். சிலப்பதிகாரத்தைப் பரீட்சைக்குப் படித்த என் பிள்ளைகள், வழக்குரை காதை கேட்டு ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தார்கள். தமிழக–கேரள எல்லை மலையில் மங்கலதேவி கோட்டம் சித்திரைப் பௌர்ணமியில் ஒரே ஒரு நாள் திறக்கிறது. அதைத் தவிர்த்தால் கண்ணகி எங்களுக்குப் புத்தகத்திலும் கடற்கரைச் சிலையிலும் இருப்பவள். இங்கே அவளுக்கு மழை கேட்கிறார்கள், அம்மை நோய்க்கு மருந்து கேட்கிறார்கள்.

இன்னொன்றும் பெண்பிள்ளைகளை உறங்கவிடாமல் பேசவைத்தது. வீட்டம்மாவிடம் "இந்த வீடு யாருடையது?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "என்ட உம்மாட... அம்மாட வீடு, மறுகா எனக்கு, இனி என்ட மகளுக்கு" என்றாராம். காத்தான்குடி முஸ்லிம் தோழிகளோடு பழகிய வாய்க்கு உம்மாவும் அம்மாவும் ஒன்றாகவே வந்தன. இங்கே குடி தாய்வழியில் வருகிறது. தமிழர், முஸ்லிம் இரு சாராருக்கும் அப்படியே. வீடு மகளுக்கு, மருமகன்தான் வந்து சேர்கிறவர். எங்கள் அர்ச்சுனன் என்னிடம் வந்து, "அப்ப இங்க பொண்ணுங்க வீட்டைவிட்டுப் போகவே வேணாமா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நகரத்துக்குப் போன நாளில் கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதியில் பூ வைத்தோம். காரைதீவில் 1892இல் பிறந்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்து 'மதங்க சூளாமணி' எழுதினார். மறைந்துபோன யாழைத் தேடிப் பல ஆண்டு உழைத்த 'யாழ் நூல்' 1947 ஜூனில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்புதூர்க் கோயிலில் அரங்கேறியது; கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் காலமானார். இலங்கையின் கிழக்குக் கரையில் வளர்ந்தவர் தம் ஆராய்ச்சியின் பலனைக் காவிரிக் கரையில் கொண்டுபோய் வைத்தார். நாங்கள் எதிர்த்திசையில் வந்தவர்கள். எங்களிடம் வைக்க அவ்வளவு பெரியதாக ஒன்றும் இல்லை. பாடும் பையன் அங்கே தேவாரம் ஒன்று பாடினான், பெட்டியில்லாமல். டச்பார்ப் பக்கம் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் 2004 சுனாமியில் சரிந்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஊர்ப்பெயர் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் கோபுரத்தைக் கண்டதும் அடங்கிப்போனார்கள்.

அன்றிரவு நிலவு. வாவி மீன்கள் பாடுவதைக் கேட்க, கல்லடியில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் அருகே தோணியில் போனோம். மீன் பாடுவதை 1848இல் இங்கே கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும் ஒலியோடு அதை ஒப்பிட்டார். பாடுவது மீன் என்பார்கள். ஊரி என்ற சிப்பியினம் என்பார்கள். அடிகளும் இந்த ஓசையைக் கேட்டு நீரர மகளிர் என்று பாட்டுக் கட்டியிருக்கிறார். தோணிக்காரர் துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கி, மேல்முனையில் காதை வைக்கச் சொன்னார். ஒவ்வொருவராக வைத்தார்கள். சிலர் கேட்டது என்றார்கள். நானும் வைத்தேன். நீர் மரத்தில் மோதும் சத்தத்துக்கு அடியில் மெல்லிய, விட்டுவிட்டு வரும் ஒரு இழை. அது இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் அரைமணி நேரம் பேசாமல் ஒரு தோணியில் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

கடைசி நாள் மேடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நன்றாகவே நடந்தது, கைத்தட்டினார்கள். இருபது நிமிடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒன்று மட்டும்: அர்ச்சுனன் வரவில் அவள் முதலில் எங்கள் கிறிக்கி அடித்தாள், நின்றாள், பிறகு மெல்ல, தட்டளவுக்குள், மட்டக்களப்புத் திருப்பம் ஒன்று திரும்பினாள். முன்வரிசையில் இருந்த அண்ணாவியார் கைதட்டவில்லை. முழங்காலில் விரலால் தாளம் வைத்துக்கொண்டிருந்தார். விடைபெறப் போனபோது அவளுக்கு ஒரு சோடிச் சல்லரியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய வாரமே பெட்டிக்குத் துருத்தி மாற்றியாயிற்று. பள்ளி திறந்த முதல் மாலை எங்கள் வாத்தியார் வந்தார். அர்ச்சுனன் வரவை ஆடிக் காட்டு என்றார். அவள் ஆர்மோனியக்காரரிடம் போய், முதல் நாலு வரிக்கு வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வாத்தியார் முகம் சுருங்கியது. அவள் பாடினாள், பாடும் பையனும் மற்றவர்களும் வரியை வாங்கினார்கள், சல்லரி ஒலித்தது. அவள் வந்தாள், நின்றாள், திரும்பினாள். வாத்தியார் முழுவதும் கேட்டார்.

"மூணாவது வரியில சுருதி எறங்குது" என்றார். ஆர்மோனியக்காரர் துருத்தியை இழுத்துப் பெட்டியைத் தொட்டார். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். "அது வேணாம். அப்பிடியே மறுபடி பாடட்டும்."